புடவைக்கு விலை உண்டு, மூஞ்சி இலவசம்

பனமரத்துப்பட்டி அரளிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. விடியும் முன்னே மொட்டாகப் பறித்து, மூட்டை கட்டி, சேலம் பூ மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்கினால், அதை எடை போடும் தராசுக்கு அரசு முத்திரை இருந்தாக வேண்டும். எடைக்கல்லுக்கும் முத்திரை. மின்னணுத் தராசுக்கும் முத்திரை. கெடு முடிந்த முத்திரையோடு வியாபாரம் செய்தால் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து வழக்குப் போடலாம். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கிலோவுக்கு ஐம்பது கிராம் அரளி குறைந்தால் அரசாங்கமே பதறுகிறது. நல்லது. பதறட்டும்.

அரளி விற்ற அந்தக் காசை மடியில் முடிந்துகொண்டு, தீபாவளிக்குத் துணி எடுக்க, குடும்பத்தோடு நகரத்து ஜவுளி மாளிகைக்குள் நுழைகிறார் அதே விவசாயி. தலைக்கு மேலே கறுப்புக் குமிழ் ஒன்று. அது வெறும் கேமராவாக இருக்கலாம். முகத்தைப் படிக்கும் கேமராவாகவும் இருக்கலாம். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி எவ்வளவு, மூக்கு எவ்வளவு நீளம், தாடை எங்கே வளைகிறது என்று அளந்து, அந்த அளவையெல்லாம் எண்களாக்கி, ஊர் பேர் தெரியாத சர்வர் ஒன்றில் வைத்துக்கொள்ளும் கருவி அது. அடுத்த பொங்கலுக்கு அவர் வந்தால் வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்ளும்.

பூவை அளக்கும் கருவிக்கு முத்திரை. முகத்தை அளக்கும் கருவிக்கு? ஒன்றுமில்லை. ஆய்வாளர் இல்லை. பதிவேடு இல்லை. வாசலில் பலகை வை என்று சொல்லும் தனி விதியும் இல்லை. பனமரத்துப்பட்டிக்காரர் தலையில் வைத்து வந்த அரளிக்கு இருக்கும் மரியாதை, அந்தத் தலைக்கு இல்லை.

"இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், நம்ம ஊரில் யார் செய்யப் போகிறார்கள்" என்று நினைப்பவர்களுக்கு ஒரு டீக்கடைக் கதை. 2019 நவம்பர். 'சாயோஸ்' என்று வடக்கே ஒரு டீக்கடைச் சங்கிலி. ஆர்டர் கொடுக்கப் போனால் கேமரா முகத்தைப் பிடிக்கும், கணக்கு திறக்கும், போன முறை என்ன குடித்தீர்கள் என்று சொல்லும். இதை வேண்டாம் என்று சொல்ல வழி எங்கே என வாடிக்கையாளர்கள் இணையத்தில் கொதித்தார்கள். தகவல் பத்திரமாக இருக்கிறது என்றது கம்பெனி. எல்லா கம்பெனியும் சொல்வதுதான். திருடு போகும் முந்தின நாள் வரை எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும்.

ஒரு டீக்கு முகம். கவனியுங்கள். வீட்டுக்கடன் இல்லை, பாஸ்போர்ட் இல்லை. டீ. நம்ம ஊர் டீக்கடைக்காரருக்கு உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரியும். அதற்காக அவர் உங்கள் மண்டையின் வரைபடத்தைப் பெங்களூருக்கு அனுப்பியதில்லை.

இன்று கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். வரவேற்பு மேஜையில் சந்தனம், கற்கண்டு, பக்கத்தில் ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்து ஒரு செல்ஃபி போட்டால், ஆயிரக்கணக்கான கல்யாணப் படங்களில் நீங்கள் இருக்கும் படங்கள் மட்டும் உங்கள் போனுக்கு வந்துவிடும். எல்லோருக்கும் குஷி. ஒரு நொடியில் உங்கள் முகம் தனியே பிரித்தெடுக்கப்பட்டது என்றால், மண்டபத்தில் இருந்த மற்ற எல்லா முகமும் பிரித்தெடுக்கப்பட்டது என்றுதான் பொருள். பந்தியில் ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த பெரியப்பா செல்ஃபி போடவில்லை. அவர் முகமும் உள்ளே இருக்கிறது. கல்யாணம் முடிந்தது. வாழைமரத்தை அவிழ்த்தாகிவிட்டது. அந்த முகங்களை எப்போது அவிழ்ப்பார்கள்? யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

ஜிம்மில் முகம் காட்டினால் கதவு திறக்கிறது. பெண்கள் விடுதியில் முகம் காட்டினால் வருகைப்பதிவு. அடுக்ககத்து வாசலில் முகம் காட்டினால் செக்யூரிட்டி சல்யூட். ஒவ்வொன்றும் 'வசதி'. இந்த நாட்டில் எதைப் பறித்தாலும் முதலில் வசதி என்றுதான் பேர் வைப்பார்கள்.

சரி, சம்மதம் கேட்கிறார்களா? நம் ஊரில் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது என்பதை பில் கவுண்டரில் பாருங்கள்.

"நம்பர் சொல்லுங்கக்கா."

"எதுக்குங்க தம்பி?"

"சிஸ்டம் கேக்குதுங்கக்கா. இல்லாட்டி பில்லு வராதுங்க."

சிஸ்டம் கேட்கிறது. கேட்பது முதலாளி இல்லையாம், கம்பெனி இல்லையாம், சிஸ்டமாம். பின்னால் வரிசையில் பதினைந்து பேர். கையில் குழந்தை. அக்கா பத்து இலக்கத்தையும் சொல்லிவிடுவார். போன் எண் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே ஒன்றிய நுகர்வோர் துறை அறிவுறுத்தியது. கடைக்காரர்கள் அந்த அறிவுரையை எங்கே வைத்தார்கள் என்று தெரிய வேண்டுமா? அடுத்த முறை பில் போடும்போது நம்பர் தர மறுத்துப் பாருங்கள். போன் எண்ணுக்கே இந்தக் கதி. எண்ணையாவது வாய் திறந்து சொல்ல வேண்டும். முகத்துக்கு அந்தத் தொல்லையும் இல்லை. உள்ளே நுழைந்தாலே கொடுத்தாகிவிட்டது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். சட்டம் இல்லாமலா? இருக்கிறது. தேர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது.

2017 ஆகஸ்ட் 24. புட்டசாமி வழக்கு. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை. நாடே கைதட்டியது. அந்த உரிமையைக் காக்கச் சட்டம் நிறைவேறியது எப்போது? 2023 ஆகஸ்டில். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு விதிகள் வந்தது எப்போது? 2025 நவம்பரில். விதிகள் வந்துவிட்டன, அமலுக்கு வந்துவிட்டதா? அவசரப்படாதீர்கள். கம்பெனிகள் உங்களிடம் முறையாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்ற முக்கியப் பிரிவுகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். 2027 மே வரைக்கும். தீர்ப்பு வந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, உரிமை அமலாகும்போது பத்தாம் வகுப்பைத் தாண்டி மேல்நிலைப் பள்ளி வாசலில் நிற்கும். கேமரா வாங்கி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மதியம்.

ஆனால் அந்தப் பதினெட்டு மாதச் சலுகை எல்லாவற்றுக்கும் இல்லை. சில பிரிவுகள் அன்றைக்கே அமலுக்கு வந்துவிட்டன. அவற்றில் ஒன்று எது தெரியுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பிரிவு. ஒருவரின் தனிப்பட்ட தகவல் என்றால் தர வேண்டியதில்லை என்று அதிகாரிகள் கைவிரிக்க வழி செய்யும் திருத்தம். முன்பு அதே உட்பிரிவில், பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்றொரு வாசகம் இருந்தது. அதை அங்கிருந்து உருவிவிட்டார்கள். உங்கள் முகத்தைக் காக்க வேண்டிய பிரிவுகள் பதினெட்டு மாதம் உறங்குகின்றன. அதிகாரியைக் காக்கும் பிரிவு முதல் நாளே பல் துலக்கிப் புறப்பட்டுவிட்டது. அவர்கள் கணக்கு வழக்கு அந்தரங்கம். உங்கள் மூக்கு, வாய், தாடை பொதுச்சொத்து.

இன்னும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் ஒரு விதி போட்டார்கள். முக அமைப்பு உட்பட உடல் அடையாளங்களைத் தனியே 'உணர்திறன் மிக்க தகவல்' என்று வகைப்படுத்தினார்கள். அதை எடுக்க எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்றார்கள். அலட்சியத்தால் தகவல் கசிந்து நீங்கள் பாதிக்கப்பட்டால் கம்பெனி உங்களுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்று மூலச் சட்டத்தின் 43ஏ பிரிவு சொன்னது. பல்லில்லாத விதிதான், பலரும் மதிக்காத விதிதான். ஆனால் ஏட்டில் இருந்தது.

புதிய சட்டம் என்ன செய்கிறது? அந்த 43ஏ பிரிவையே நீக்குகிறது. உணர்திறன் மிக்க தகவல் என்ற தனி வகையே புதிய சட்டத்தில் இல்லை. உங்கள் முகமும் உங்கள் வீட்டு விலாசமும் ஒரே தட்டில். நீங்கள் வாங்கிய உள்பாவாடையின் சைஸும் உங்கள் கருவிழியும் ஒரே மூட்டையில்.

சரி, தப்பு செய்யும் கம்பெனிக்கு அபராதம்? உண்டு. பிரமாதமான அபராதம். 250 கோடி ரூபாய் வரை. தொலைக்காட்சியில் சொன்னால் புல்லரிக்கும். அந்தப் பணம் யாருக்குப் போகும் என்று மட்டும் கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். ஒன்றிய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். முகத்தைத் தொலைத்தது பனமரத்துப்பட்டி அம்மா. நஷ்ட ஈடு டெல்லிக்கு. இந்தச் சட்டத்தின்கீழ் அவருக்கு ஒரு நயா பைசா கிடைக்க வழியில்லை.

கிடைக்காததோடு முடிந்தால் பரவாயில்லை. போகவும் வழி வைத்திருக்கிறார்கள். புகார் செய்யும் குடிமகனுக்கும் கடமைகள் உண்டாம். பொய்ப் புகார் தரக் கூடாது, அற்பமான புகார் தரக் கூடாது. மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். கம்பெனியைத் தட்டிக் கேட்கப் போகும் ஆளுக்கு முன்கூட்டியே ஒரு குட்டு. எது அற்பம் என்று முடிவு செய்யும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பது ஒன்றிய அரசு. நூற்று நாற்பது கோடிப் பேருக்கு நான்கு உறுப்பினர்கள். தாராளம்.

மொழிப்பிரச்சினை வருமே? அதற்கும் ஏற்பாடு உண்டு. அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது சட்டம். தமிழும் உண்டு. கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கூரையில் இருப்பது முகம் படிக்கும் கருவி என்பதே தெரியாதவர், எதை, யாரிடம், எந்த மொழியில் கேட்பார்?

போதாக்குறைக்கு 'தானாக முன்வந்து தந்த தகவல்' என்று ஏழாம் பிரிவில் ஒரு சந்து. தானாகக் கொடுத்து, வேண்டாம் என்றும் சொல்லாவிட்டால், எதற்காகக் கொடுத்தீர்களோ அதற்குத் தனிச் சம்மதம் தேவையில்லை. சட்டப் புத்தகம் காட்டும் உதாரணம் ஒரு மருந்துக்கடை. ரசீதை அனுப்பச் சொல்லி நீங்களே தகவல் தருகிறீர்களாம். நியாயம்தான். ஆனால் நாளை ஒரு பெரிய வக்கீல் எழுந்து, "கனம் நீதிபதி அவர்களே, அந்த அம்மா தன் முகத்தைத் தானாகத்தானே கடைக்குள் கொண்டுவந்தார்" என்று வாதாடினால் ஆச்சரியப்படாதீர்கள். முகத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வராதது உங்கள் தப்பு.

அரசாங்கம் ஏன் கடைக்காரனிடம் கறாராக இல்லை? தானே அந்தக் கடையைத்தான் நடத்துகிறது, அதனால்தான்.

தமிழ்நாடு காவல்துறை 2021 அக்டோபரில் முகமறியும் மென்பொருளைத் தொடங்கியது. கொல்கத்தாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கித் தந்தது. குற்றவாளிகளைப் பிடிக்கும் என்றார்கள். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே ஆள் புகுந்துவிட்டான். நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் சிக்கியது. ஊர் முகங்களைக் காவல் காக்கும் கதவுக்கு ஒரே தாழ்ப்பாள், அதுவும் இழுத்தால் வந்துவிடுகிற தாழ்ப்பாள்.

டெல்லி காவல்துறையின் சாதனை இன்னும் உயரம். காணாமல்போன குழந்தைகளைக் கண்டுபிடிக்க வாங்கிய முகமறியும் கருவியின் துல்லியம் 2 சதவீதம் என்று 2018இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். மறு வருஷம் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆண் பிள்ளையையும் பெண் பிள்ளையையும்கூட அதனால் பிரித்தறிய முடியவில்லை என்று அதே நீதிமன்றத்தில் ஒன்றிய அரசின் அமைச்சகம் சொன்னது. கருவியைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. 80 சதவீதம் ஒத்துப்போனால் ஆள் பொருந்திவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம் என்று 2022இல் தகவல் உரிமை மனுவுக்குப் பதில் தந்தார்கள். எண்பது மதிப்பெண் எடுத்தால் நம் பிள்ளைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. கைதாவதற்குப் போதும்.

விமான நிலையத்தில் முகம் காட்டி நுழையும் 'டிஜியாத்ரா'. 2022 டிசம்பரில் தொடங்கியது. சென்னைக்கு 2024இல் வந்தது. விருப்பப்பட்டால் மட்டும் என்று அறிவிப்பு. வாசலில் நின்ற ஆட்கள் என்ன ஏது என்று சொல்லாமலே முகத்தைப் பதிகிறார்கள் என்று 2024 தொடக்கத்தில் பயணிகள் புகார் மேல் புகார் சொன்னார்கள். இதை நடத்துவது அரசுத் துறை அல்ல. அரசின் விமான நிலைய ஆணையமும் தனியார் விமான நிலையங்களும் பங்குதாரர்களாக உள்ள தனி அமைப்பு. அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தாது என்பது அமைச்சகத்தின் நிலை. உங்கள் முகத்தைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியலாம். அவர்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கக் கூடாது.

ஆதார் கதை தெரிந்ததே. தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 57ஆம் பிரிவை அந்த அளவுக்கு வெட்டியது. 2025 ஜனவரியில் 'நல்லாட்சி விதிகள்' என்ற பெயரில் தனியாருக்கு மறுபடி கதவு திறக்கப்பட்டது. முன்வாசலில் வெட்டியதைப் பின்வாசலில் ஒட்டியாகிவிட்டது. நல்லாட்சி.

இத்தனை கேமரா மோகம் கொண்ட நாட்டில், கேமரா கண்டிப்பாக வேலை செய்ய வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. காவல் நிலையம். 2020 ஜூன், சாத்தான்குளம். தந்தையும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு விவரம். நிலையத்துக் கேமராப் பதிவுகள் தினம் தினம் தானாக அழிந்துவிடும்படி செட்டிங் செய்யப்பட்டிருந்தது. வட்டில் இடம் இல்லாமல் இல்லை. தாராளமாக இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை பதினெட்டு மாதம் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐந்து வருஷம் கழித்து, 2025இல், கேமராக்கள் ஏன் வேலை செய்யவில்லை என்று அதே நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது.

ஆக, நம் நாட்டில் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு. கீழே பார்க்கும்போது கூர்மை. மேலே பார்க்கும்போது கண்புரை. ஜாக்கெட் துணி எடுக்க வந்த பெண்ணை ஒவ்வொரு மாடியிலும் பின்தொடரும். லாக்கப்புக்குள் திரும்பினால் பழுதாகிவிடும். கடையில் உங்கள் பர்ஸ் தொலைந்து போய், "கேமராவைப் பாருங்கள்" என்று கேட்டால், "அன்னைக்குப் பாத்து ரிப்பேருங்க" என்பார்கள். நீங்கள் ஒரு சீப்பைக் கைப்பையில் போட்டால் அன்றைக்கு மட்டும் நன்றாக ஓடும்.

"திருட்டைத் தடுக்க வேண்டாமா?" என்று கேட்கும் வியாபாரிக்குப் பதில் உண்டு. வேண்டும். கடையில் திருட்டு நடக்கிறது, வியாபாரிக்கு நஷ்டம் வருகிறது, அதை யாரும் மறுக்கவில்லை. அதற்குச் சாதாரணக் கேமரா போதும். திருடியவனின் படத்தைத் திருட்டு நடந்த பிறகு பார்ப்பது ஒன்று. வருகிற ஆயிரம் பேரையும் திருடர் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே விடுவேன் என்பது வேறு. முதலாவது காவல். இரண்டாவது, வாசலில் நின்று வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் சந்தேகப்படுவது. அப்புறம் அதே வாசலில் 'வாடிக்கையாளரே தெய்வம்' என்று எழுதி மாலை போடுவது.

அந்தக் கருவி யாரைத் தப்பாகப் பிடிக்கும் என்பதும் தெரிந்த கதைதான். 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் பெரிய கம்பெனி மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளைத்தோல் ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. மூன்றில் ஒரு பெண்ணைப் பெண் என்றே அதற்குத் தெரியவில்லை. வெயிலில் அரளி பறிக்கும் பெண் என்ன நிறம் என்று சேலத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இயந்திரம் தடுமாறும் முகமும், ஊழியர்கள் ஏற்கெனவே சந்தேகத்தோடு பின்தொடரும் முகமும் ஒன்றேதான். முன்பு அது சூப்பர்வைசரின் வக்கிரம். இனி அது கம்ப்யூட்டரின் முடிவு. சூப்பர்வைசரோடு சண்டை போடலாம்.

'ரைட் எய்ட்' என்ற அமெரிக்க மருந்துக்கடைச் சங்கிலியில் நடந்தது இதுதான். நூற்றுக்கணக்கான கடைகளில், வாடிக்கையாளருக்குச் சொல்லாமல், எட்டு வருஷம் முகமறியும் கருவி. ஒரே ஒரு ஆளின் படத்தை வைத்துக்கொண்டு ஐந்து நாளில் 130க்கும் மேற்பட்ட கடைகளில் 900க்கும் மேற்பட்ட முறை "இவன்தான், இவன்தான்" என்று கத்தியிருக்கிறது இயந்திரம். நாட்டின் இந்த மூலையிலும் அந்த மூலையிலும் ஒருவனே. தப்பான அடையாளத்தால் ஊழியர்கள் பதினோரு வயதுச் சிறுமியைத் தடுத்துச் சோதனை போட்டார்கள். 2023 டிசம்பரில் அந்நாட்டு வணிக ஆணையம் ஐந்து வருஷத்துக்கு அந்தக் கருவியையே தொடக் கூடாது என்று கட்டிப்போட்டது.

ஆஸ்திரேலியாவில் 'கேமார்ட்', வாங்கிய பொருளைத் திருப்பித் தர வந்தவர்களின் முகத்தைச் சொல்லாமல் அளந்தது சட்ட மீறல் என்று 2025 செப்டம்பரில் தீர்ப்பானது. ஸ்பெயினில் ஒரு பல்பொருள் அங்காடிக்கு 2021இல் 25 லட்சம் யூரோ அபராதம். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம் 2021 ஜனவரி 1 முதல் கடைகளில் முகமறியும் கருவிக்கே தடை போட்டது. நியூயார்க் நகரம் தடை போடவில்லை. வாசலில் எளிய மொழியில் பலகை வை என்றது. இல்லினாய் மாநிலம் 2008இலேயே சட்டம் போட்டது: முகத்தை அனுமதியின்றி எடுத்தால் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம். அந்தச் சட்டத்தால் ஃபேஸ்புக் 65 கோடி டாலர் கொடுத்தது. அந்தப் பணம் வழக்கில் இணைந்த சாதாரண ஜனங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. கஜானாவுக்கு அல்ல.

அங்கேயும் கம்பெனிகள் யோக்கியம் இல்லை. பிடிபட்டார்கள், அவ்வளவுதான். பிடிக்க ஒரு ஆள் இருந்தார். நம்மிடம் ஆள் இல்லை. ஆளுக்குப் பதில் 2027 மே என்று ஒரு தேதி இருக்கிறது.

டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசுக்குக் கையும் உண்டு, சட்டமும் உண்டு. கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி போட்டு, அளவுகோல் வைத்து அளந்து, அபராதம் வசூலிக்கத் தெரிந்த அரசு இது. அதே பலகைக்குக் கீழே இன்னொரு வரி எழுதச் சொல்ல எத்தனை நாழி ஆகும்? 'இங்கே உங்கள் முகம் கணினியால் அளக்கப்படுகிறது. இன்ன காரணத்துக்கு. இத்தனை நாளில் அழிக்கப்படும். வேண்டாம் என்றால் இன்னாரிடம் சொல்லுங்கள். பொருள் வாங்கத் தடையில்லை.' மாநகராட்சியும் நகராட்சியும் பேரூராட்சியும் தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது கேட்கிற படிவத்தில் ஒரு கட்டம் கூடுதல். குப்பை வரி எவ்வளவு என்று கேட்கிற அதே படிவம்தான்.

கேட்பது அவ்வளவுதான். சொல்லிவிட்டு எடு. தனியாகச் சம்மதம் வாங்கி எடு. மறுத்தால் வாசலை மூடாதே. குழந்தைகளின் முகத்தைத் தொடவே தொடாதே. எடுத்ததை யாருக்கும் விற்காதே. நீதிமன்ற உத்தரவில்லாமல் போலீஸுக்கும் கொடுக்காதே. தொலைத்தால், தொலைத்தவன் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு கொடு. இதில் ஒரு வரியாவது அற்பமான புகார் என்று எந்த வாரியமாவது சொன்னால், பத்தாயிரத்தைக் கட்டிவிட்டு மறுபடி புகார் கொடுப்போம்.

அதுவரை வாடிக்கையாளர் கையில் ஒரு கருவி இருக்கிறது. அடுத்த முறை கூடையை நிரப்பிக்கொண்டு பில் போடப் போகும்போது, சத்தமாக, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி கேளுங்கள்: "இந்தக் கேமரா முகத்தைப் படிக்குமா? படித்தால் அது எங்கே போகிறது?" மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். "சிஸ்டம்" என்று பதில் வந்தால், கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். சட்டப் பிரிவுகள் கடைக்காரருக்குப் புரிய 2027 வரை ஆகலாம். விற்காமல் நின்ற கூடை அன்று மாலையே புரிந்துவிடும்.